பார்த்துப் போட்டால் குறைவா?

சமீபத்தில் ஊரிலிருந்து வந்த என் நாத்தனார், கூடத்தில் மாட்டியிருந்த மலைப் படத்தைப் பார்த்து, 'நீங்க போட்டதா அண்ணி?' என்று ஆசையாகக் கேட்டார். ஜப்பான் ஓவியர் செஷ்ஷூ 1486-ல் வரைந்த நீளச் சுருள் ஓவியத்தின் ஒரு பகுதியைப் பார்த்துப் போட்டது என்றதும், முகம் மாறிவிட்டது. 'ஓ, காப்பியா? இதுக்கா தினமும் ரெண்டு மணி நேரம்?' அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

டோக்கியோவில் வேலை பார்க்கும் என் மகன் வாங்கி வந்த மைக்கட்டியும், செஷ்ஷூ படப் புத்தகமும் ஒரு வருஷம் அலமாரியில் சும்மா கிடந்தன. விளக்குக் கரியும் பசையும் சேர்த்துச் செய்யும் கட்டி அது. (கண் மைக்கு நாம் கரி பிடிப்போமே, அதே சங்கதிதான்!) கல்லில் தண்ணீர் விட்டுச் சந்தனம் மாதிரி இழைக்க வேண்டும். தாளில் பிரஷ் பட்டுவிட்டால் அழிக்கவே முடியாது. கை தயங்கினால் மை ஊறிப் பரவிவிடும். முதல் மாதம் நான் போட்ட மலையெல்லாம் அடை மாதிரிதான் இருந்தது. பத்துப் பதினைந்து முறை பார்த்துப் போட்ட பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. மூடுபனி என்று அவர் எதையும் வரையவே இல்லை. வெள்ளைத் தாளை அப்படியே விட்டிருக்கிறார். வெறுமனே பார்த்திருந்தால் இது என் மண்டையில் ஏறியிருக்காது.

அந்த செஷ்ஷூவே சீன ஓவியர்களின் பாணியைப் பார்த்துச் சின்னச் சின்னப் படங்கள் போட்டு, அவர்கள் பெயரையும் தன் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். 1916-ல் ஜப்பான் போன தாகூர்கூட, அங்கே பார்த்த ஓவியத்தை அராய் கம்போ என்பவரைக் கொண்டு நகல் எடுக்கச் செய்தார். அந்தக் கம்போதான் கல்கத்தா வந்து, நந்தலால் போஸ் போன்றவர்களுக்கு ஜப்பானியத் தூரிகை முறையைக் கற்றுக் கொடுத்தார்.

அடுத்தவர் படத்தைத் தன்னுடையது என்று சொன்னால்தான் திருட்டு. என் நாத்தனார் சிக்குக் கோலம் கற்றதே என் மாமியாரின் கோல நோட்டைப் பார்த்துத்தான். அதை யாராவது காப்பி என்றோமா? பிள்ளைகள் ஒரு படத்தைப் பார்த்து வரைந்தால், 'சொந்தமா யோசி' என்று உடனே அதட்டும் அம்மாக்களும் கொஞ்சம் பொறுக்கலாமே!

போன வாரம் விடியற்காலையில் அம்பத்தூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் ஒரு படம் போட்டேன். கரை கோணல், மரம் சுமார். பனி மட்டும் நன்றாக வந்திருக்கிறது. நாத்தனார் பொங்கலுக்கு வரும்போது காட்ட எடுத்து வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, மேனாம்பேடு.