பரபரப்பும் விலைக்கு, மௌனமும் விலைக்கு

புதுதில்லி: 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பின் மூலம் நிறைவேற்றப்பட்டன. வாக்குகளை எண்ணிப் பதிவு செய்ய வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். கரோனா தொற்றைக் காரணம் காட்டி, அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமும் கைவிடப்பட்டிருந்தது.

கோடிக்கணக்கான விவசாயிகளின் வாழ்வைத் தொடும் சட்டங்கள் இவ்வாறு அரங்கேறிய அதே மாதத்தில், செய்தி அலைவரிசைகள் பல எதைத் துரத்திக்கொண்டிருந்தன? ஹிந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் மரணத்தை. அவருடைய தோழியான நடிகையின் வீட்டு வாசலில் ஒலிபெருக்கிகள் குவிந்தன. தனிப்பட்ட உரையாடல்கள் திரையில் ஓடின. நீதிமன்றம் விசாரிக்கும் முன்னரே தொகுப்பாளர்கள் தீர்ப்பு எழுதினர். பிகாரில் சட்டப்பேரவைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. மறைந்த நடிகரின் படத்துடன் ஒட்டுவில்லைகளை அச்சிட்டது பாரதிய ஜனதாவின் மாநிலக் கலைப் பிரிவு. அந்த விவகாரத்தில் உரக்கப் பேசிய மாநிலக் காவல் துறைத் தலைமை இயக்குநர் விருப்ப ஓய்வு பெற்று ஐக்கிய ஜனதா தளத்தில் சேர்ந்தார்.

ஊடக விசாரணை நீதி நிர்வாகத்தில் குறுக்கிடுவதாகும் என்று மும்பை உயர்நீதிமன்றம் 2021 ஜனவரியில் கூறியது. 2025 மார்ச் மாதம், வழக்கை முடித்துக்கொள்வதற்கான அறிக்கையை மத்தியப் புலனாய்வுத் துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தது. அன்று கூக்குரலிட்ட திரைகளில் அந்த முடிவு அதே அளவு ஒலிக்கவில்லை. வேளாண் சட்டங்களோ, தில்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டு அமர்ந்த பின்னர், 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. நாடாளுமன்றத்திலும் ஊடகத்திலும் நடந்திருக்க வேண்டிய விவாதத்தைச் சாலையில் நடத்த வேண்டிய நிலை விவசாயிகளுக்கு ஏற்பட்டது.

பரபரப்புச் செய்தியால் அரசியல்வாதிகள் வீழ்கிறார்கள் என்பதைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். பரபரப்பினால் எந்தச் செய்தி மறைகிறது, அதை முடிவு செய்பவர் யார் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

படமும் பதவியும்

இது தொலைக்காட்சி யுகத்தின் கண்டுபிடிப்பு அன்று. 1978-இல் ஜனதா அரசின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ஜகஜீவன் ராம். அவருடைய மகனின் அந்தரங்கப் படங்களை 'சூர்யா' என்ற இதழ் வெளியிட்டது. அதன் ஆசிரியர் மேனகா காந்தி. ஆட்சியை இழந்திருந்த இந்திரா காந்தியின் இளைய மருமகள். மகனின் செயலுக்குத் தந்தை எப்படிப் பொறுப்பாவார், அமைச்சகப் பணிக்கும் அந்தப் படங்களுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விகள் எடுபடவில்லை. 1979-இல் மொரார்ஜி தேசாய் விலகிய பிறகு, சரண் சிங் பிரதமரானார். அவரும் விலகியபோது, ஜகஜீவன் ராமை ஆட்சியமைக்க அழைக்காமல் மக்களவையைக் கலைத்தார் குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி. ஒரு படம்தான் தலித் தலைவர் ஒருவரின் பிரதமர் பதவியைத் தடுத்தது என்று கூறிவிட முடியாது. கட்சிப் பூசலும் எண்ணிக்கைக் கணக்கும் அதைவிட வலிமையானவை. எனினும், அவருடைய எதிரிகளுக்கு அது கிடைத்தற்கரிய ஆயுதமாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டுகளும் உண்டு. 2001 மார்ச் மாதம் 'தெஹல்கா' இணைய இதழ் வெளியிட்ட ரகசிய ஒளிப்பதிவில், பாரதிய ஜனதா தலைவர் பங்காரு லட்சுமண் பணம் பெறுவது பதிவாகியிருந்தது. அவர் பதவி விலகினார். 2012-இல் நீதிமன்றம் அவருக்குத் தண்டனையும் விதித்தது. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் பெற்ற நாடாளுமன்ற உறுப்பினர்களின் செயல் திரையில் வெளிப்பட்டது. 11 நாள்களில் மக்களவை 10 பேரையும் மாநிலங்களவை ஒருவரையும் வெளியேற்றின. அந்த நடவடிக்கை செல்லும் என்று 2007 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

சூர்யாவுக்கும் தெஹல்காவுக்கும் உள்ள வேறுபாடு மறைவான புகைப்படக் கருவியில் இல்லை. முன்னது ஒருவரின் குடும்பத்துப் படுக்கையறையைக் காட்டியது. பின்னது பொதுப் பதவி விற்கப்படுவதைக் காட்டியது. தமிழகத்தின் நக்கீரன் இதழ் தொடர்ந்த வழக்கில் 1994-இல் உச்சநீதிமன்றம் ஏறத்தாழ இந்தக் கோட்டைத்தான் வரைந்தது. தனி வாழ்வு காக்கப்பட வேண்டியது. பொது ஊழியரின் கடமை சார்ந்த நடத்தையோ விமர்சனத்துக்கு உரியது. அந்தக் கோடு அழியும்போது பலியாவது பெரும்பாலும் எளியவர்களே. 2007-இல் தில்லி அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரைப் பற்றி ஒரு செய்தி அலைவரிசை வெளியிட்ட 'ரகசிய ஒளிப்பதிவு' ஜோடிக்கப்பட்டது என்பது, கும்பல் அவரைத் தாக்கி ஆடையைக் கிழித்த பின்னரே தெரியவந்தது. அலைவரிசைக்குக் கிடைத்த தண்டனை ஒரு மாதத் தடை.

உரிமையாளர் என்ற மறைபொருள்

செய்தியாளர் எழுதுகிறார், ஆசிரியர் தேர்வு செய்கிறார். ஆனால், எதை எழுத வேண்டாம் என்பதை முடிவு செய்யும் இறுதி அதிகாரம் உரிமையாளரிடம் இருக்கிறது. நாடாளுமன்றம் இதை அறியாததன்று. 1955 டிசம்பரில் மக்களவையில் எழுந்து பேசிய ஆளுங்கட்சி உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி, ராமகிருஷ்ண டால்மியாவின் காப்பீட்டு நிறுவனத்தில் பொதுமக்களின் பணம் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை வரிசையாக எடுத்து வைத்தார். டால்மியா சாதாரண வணிகர் அல்லர். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' ஏட்டின் உரிமையாளர். அடுத்த ஆண்டே ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. டால்மியா பின்னர் சிறை சென்றார்.

ஃபெரோஸ் காந்தி அத்துடன் நிற்கவில்லை. நாடாளுமன்ற நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடும் ஏடுகள் மீது வழக்குத் தொடர முடியாதவாறு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1956-இல் அது சட்டமாயிற்று. நெருக்கடிநிலையின்போது, அவருடைய மனைவியின் அரசே அந்தச் சட்டத்தை நீக்கியது. 1977-இல் ஜனதா அரசு அதை மீட்டது. பத்திரிகை முதலாளியை அவையில் நிறுத்திக் கேள்வி கேட்டவரே, பத்திரிகைக்குப் பாதுகாப்பும் தேடித்தந்தார் என்பது கவனிக்கத்தக்கது. முதலாளியின் அதிகாரமும் பத்திரிகைச் சுதந்திரமும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

1982-இல் அறிக்கை அளித்த இரண்டாவது பத்திரிகை ஆணையம், ஏடுகளைப் பிற தொழில் நிறுவனங்களின் பிடியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2009-இலும் 2014-இலும் ஊடக உரிமை குறித்துப் பரிந்துரைகள் அளித்தது. அரசியல் கட்சிகள் அலைவரிசை நடத்தலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. எதுவும் சட்டமாகவில்லை.

இதற்கிடையில் களம் மாறிவிட்டது. 2014-இல் நெட்வொர்க் 18 குழுமம் ரிலையன்ஸ் வசமாயிற்று. 2022 டிசம்பரில் என்.டி.டி.வி. நிறுவனம் அதானி குழுமத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அந்தக் கைமாற்றத்துக்கு வழிதிறந்தது, நிறுவனர்களின் நிறுவனம் 2009-இல் வாங்கிய 400 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடனே. கடன் கொடுத்த நிறுவனம் கைமாறியதும் பங்குகளும் கைமாறின. இதில் சட்டமீறல் இருந்ததா என்பதன்று இங்கே கேள்வி. ஒரு செய்தி நிறுவனத்தின் தலையெழுத்து கடன் பத்திரத்தின் ஒரு விதியில் 13 ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேயர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

அவைக்குள் வந்த உரிமையாளர்கள்

ஊடக அதிபர்கள் மாநிலங்களவைக்கு வருவதும் புதிதன்று. இந்துஸ்தான் டைம்ஸின் கே.கே. பிர்லா, லோக்மத்தின் விஜய் தர்டா, ஜீ குழுமத்தின் சுபாஷ் சந்திரா, ஏஷியாநெட்டில் முதலீடு செய்த ராஜீவ் சந்திரசேகர், ஐடிவி குழுமத்தின் கார்த்திகேய சர்மா எனப் பட்டியல் நீளமானது. காங்கிரஸ், பாரதிய ஜனதா, சமாஜவாதி என எந்தக் கட்சியும் இதற்கு விலக்கில்லை. ஆந்திரத்தில் 1983-இல் என்.டி. ராமராவின் வெற்றிக்கு 'ஈநாடு' துணை நின்றது. பின்னாளில் ஜெகன்மோகன் ரெட்டி 'சாட்சி' ஏட்டைத் தொடங்கினார். கேரளத்திலும் தமிழகத்திலும் கட்சிக்கொரு தொலைக்காட்சி இருப்பது அனைவரும் அறிந்ததே. கட்சியின் தொலைக்காட்சி கட்சிக்காகப் பேசுகிறது என்பதாவது நேயருக்குத் தெரியும். நடுநிலை என்ற பெயர்ப்பலகை மாட்டியிருப்பவர் யாருக்காகப் பேசுகிறார் என்பது தெரிவதில்லை.

பேச்சுக்கு மட்டுமல்ல, மௌனத்துக்கும் விலை உண்டு. 2009 தேர்தல்களில் வேட்பாளர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு விளம்பரங்களைச் செய்திகளாக வெளியிட்ட 'காசுக்குச் செய்தி' வழக்கத்தை மகாராஷ்டிரத்தில் பி. சாய்நாத் அம்பலப்படுத்தினார். இந்தியப் பத்திரிகை கவுன்சில் இருவர் குழுவை அமைத்தது. குழு பெயர்களுடன் 71 பக்க அறிக்கை தந்தது. கவுன்சிலோ 2010-இல் அதை முழுமையாக ஏற்று வெளியிடாமல் சுருக்கமான அறிக்கையுடன் நிறுத்திக்கொண்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவே முழு அறிக்கை 2011-இல் வெளிவந்தது. பிறரின் ரகசியங்களை வெளியிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் தங்கள் ரகசியத்தைக் காக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2011 அக்டோபரில், உத்தரப் பிரதேச சட்டப்பேரவை உறுப்பினர் உம்லேஷ் யாதவை இக்காரணத்துக்காகத் தேர்தல் ஆணையம் தகுதிநீக்கம் செய்தது. ஆனால், அது செலவுக் கணக்கை மறைத்த குற்றத்துக்காக. காசுக்குச் செய்தி என்பதே குற்றமாகச் சட்டத்தில் இல்லை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இலும், சட்ட ஆணையம் 2015-இலும், மீண்டும் நிலைக்குழு 2021-இலும் இது குறித்து அறிக்கைகள் தந்துவிட்டன. அறிக்கைகள் நூலகத்தில் இருக்கின்றன.

கத்தி யார் கையில்?

அப்படியானால் அரசே கட்டுப்பாடு விதித்துவிடலாமா? கூடாது. 1975 முதல் 1977 வரை தணிக்கை என்ன செய்தது என்பதைத் தில்லி மறக்கவில்லை. 1982-இல் பிகாரில் ஜகந்நாத் மிஸ்ரா அரசு, 'ஆபாச, அவதூறு எழுத்து' என்ற பெயரில் ஒரு பத்திரிகை மசோதாவைக் கொண்டுவந்தது. நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பின் அதைக் கைவிட நேர்ந்தது. போஃபர்ஸ் செய்திகளால் நிலைகுலைந்த ராஜீவ் காந்தி அரசு, 1988-இல் அவதூறு மசோதாவை மக்களவையில் நிறைவேற்றிய பின் திரும்பப் பெற்றது. மஞ்சள் பத்திரிகையை ஒடுக்கப் போவதாகக் கூறிக்கொண்டு வந்த ஒவ்வொரு சட்டமும், ஊழலை எழுதிய பேனாவையே குறிவைத்தது. தணிக்கை வேண்டாதபோது விளம்பரம் போதும்: சில நாளேடுகளுக்கு அரசு விளம்பரம் நிறுத்தப்பட்டதாக 2019 ஜூன் மாதம் மக்களவையில் காங்கிரஸின் அதிர் ரஞ்சன் சௌத்ரி குற்றம்சாட்டினார். இக்கலையில் மாநில அரசுகளும் சளைத்தவை அல்ல.

எனவே, தேவைப்படுவது செய்தியைக் கட்டுப்படுத்தும் சட்டம் அன்று. உரிமையாளரை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் சட்டம். ஒவ்வொரு செய்தி நிறுவனமும் தன் இறுதி உரிமையாளர் யார், கடன் கொடுத்தவர் யார், அவர்களுக்குள்ள பிற தொழில்கள் எவை என்பதை ஆண்டுதோறும் தன் வாசகருக்கே அறிவிக்க வேண்டும். மத்திய, மாநில அரசுகள் எந்த ஏட்டுக்கு, எந்த அலைவரிசைக்கு எவ்வளவு விளம்பரம் தந்தன என்பது மாதந்தோறும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். காசுக்குச் செய்தி தேர்தல் குற்றமாக்கப்பட வேண்டும். ஊடகத் தொழிலில் பங்குள்ள உறுப்பினர்கள், அத்துறை சார்ந்த மசோதாக்களில் வாக்களிப்பதிலிருந்து ஒதுங்க வேண்டும். இவை எவற்றிலும் ஒரு வரியைக்கூடத் தணிக்கை செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

பிரிட்டனில் தொலைபேசி ஒட்டுக்கேட்பு அம்பலமானபோது, 2011 ஜூலையில் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' மூடப்பட்டது. அதன் அதிபர் ரூபர்ட் முர்டாக் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு எதிரே பதிலளித்தார். பிரதமர்களே அஞ்சிய மனிதரை உறுப்பினர்கள் கேள்வி கேட்பதை அந்நாட்டு மக்கள் நேரில் கண்டனர். அதனால் அவருடைய செல்வாக்கு அழிந்துவிடவில்லை என்பது உண்மை. ஆனாலும், கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. இங்கோ நிலைக்குழுக் கூட்டங்கள் மூடிய கதவுகளுக்குள் நடக்கின்றன.

தங்களைப் பற்றிய செய்திக்கு அஞ்சும் உறுப்பினர்களும், தங்கள் உரிமத்துக்கு அஞ்சும் முதலாளிகளும் ஒருவரையொருவர் காத்துக்கொள்ளும் ஏற்பாடு இரு தரப்புக்கும் வசதியானது. காசு கொடுத்து ஏடு வாங்கும் வாசகர் மட்டுமே அந்த ஏற்பாட்டில் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. டால்மியாவின் பெயரை அவையில் உச்சரிக்க ஆளுங்கட்சியிலிருந்தே ஒருவர் எழுந்த நாடாளுமன்றம் இது. இன்று எழுந்து நிற்கப்போகும் உறுப்பினர் எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறார்?