வலியில் அரசியல் இல்லையாம்!

1971இல் கலிபோர்னியாவின் சாந்தா அனா நகரக் கலைக்கூடம் ஒன்றில் கிறிஸ் பர்டன், நண்பர் ஒருவரைக் கொண்டு தம் இடது கையில் துப்பாக்கியால் சுடச் செய்தார். நிகழ்த்துக் கலையின் வரலாற்றில் அந்தக் காயத்துக்கு நிலையான இடம் உண்டு. அதே ஆண்டு வியட்நாமில் குண்டு பட்டவர்கள் அதைத் தாமே விரும்பித் தேர்ந்துகொள்ளவில்லை. வலி என்பது தனிமனித உடலின் சோதனை, அதில் அரசியலைத் தேடாதீர் என உபதேசிக்கும் விமர்சகர்கள் இம்பாலைச் சற்றே நோக்கட்டும்.

மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையை 2000இல் ஹெய்ஸ்னாம் கன்ஹைலால் அங்கு மேடையேற்றினார். படையினரின் வன்புணர்வுக்கு ஆளான பெண்ணாக நடித்த சாபித்ரி, இறுதிக் காட்சியில் ஆடை களைந்து அதிகாரியை எதிர்கொண்டார். ஒழுக்கக்கேடு என்று கூச்சல் எழுந்தது. 2004 ஜூலை 11 அன்று, அஸ்ஸாம் ரைபிள்ஸ் பிடித்துச் சென்ற மனோரமாவின் சடலம் குண்டுக் காயங்களுடன் கிடைத்தது. 15ஆம் நாள், அப்படை தங்கியிருந்த காங்லா கோட்டை வாயிலில் பன்னிரண்டு தாய்மார்கள் ஆடையின்றி நின்றனர். நாடகம்தான் அவர்களை அங்கே அழைத்து வந்தது என நாம் வாதிடவில்லை. அவமானம் யாருக்கு உரியது என்று மேடை கேட்டதையே வீதியும் கேட்டது. அவ்வாண்டு நவம்பரில் காங்லா மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் மட்டும் ரத்தாகவில்லை.