வளவுக் கோழியும் அதன் பகைவரும்

மாலையிற் பத்துக் கோழிகள் அடைந்த கூட்டில் விடியும்போது இறகுகள் மாத்திரம் கிடப்பதை நம் கிராமத்தவர் பலர் கண்டிருப்பர். முட்டை விற்ற காசிற் பிள்ளைகளுக்குக் கொப்பியும் பென்சிலும் வாங்கும் தாய்க்கு இது சிறிய இழப்பன்று. மரக்கறி உணவினராகிய நாம் இதனை எழுதுவது சிலருக்கு நகைப்பாயிருக்கலாம். ஆயினும் உயிரைப் பேணுதல் எல்லார்க்கும் பொதுவன்றோ?

பகைவர் யாவரும் ஒரே வேளையில் வருவதில்லை. காகமும் பருந்தும் பகலிலே குஞ்சுகளைக் கவரும். கீரியும் பகலிலேயே வேலியடியால் நுழையும். மரநாய் இரவுக்குரியது, வேலி, மரக்கிளை, கூரை யாவும் அதற்கு வழியாகும். கோழிக்கோ இருள் சூழ்ந்ததும் பார்வை மங்கிவிடும். எதிரி கூட்டினுட் புகுந்தால் தப்பும் வழி அறியாது பதறும். அப்பதற்றத்தில், ஒன்றைத் தின்ன வந்த விலங்கு பலவற்றையும் கடித்துப்போட்டுச் செல்லும்.

கிடுகும் பனையோலையும் மழையைத் தடுக்கும்; மரநாயைத் தடுக்கமாட்டா. கடைகளில் விற்கும் அறுகோணக் கண் வலையும் கோழியை உள்ளே நிறுத்துவதற்கே ஏற்றது. அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள தடித்த கம்பிவலையே தக்கது. நிலத்தில் அமைத்த கூடாயின் அவ்வலையை ஓரடி ஆழத்துக்கு மண்ணிற் புதைத்தல் வேண்டும். இவ்வளவு செய்தும், பொழுதுபட்டபின் கதவு திறந்திருப்பின் யாவும் வீணே. நாள்தோறும் கோழிகளை எண்ணி அடைத்துக் கொக்கி மாட்டும் பொறுப்பை வீட்டிலுள்ள மாணவன் ஒருவனிடம் ஒப்படைக்கலாம். அதனால் அவனது படிப்புக் கெட்டுவிடாது.

அஞ்சிய கோழி முட்டையைக் குறைக்கும். ஆதலின் காவலைப்போலவே மனநிறைவும் வேண்டும். காட்டில் மரக்கிளையில் உறங்கிய இனமாதலால் கூட்டினுட் குறுக்குத்தடி அமைத்தல் நன்று. கோழியொன்றுக்கு 8 முதல் 10 அங்குல இடம் போதும். நிழலிற் சிறிது உலர்ந்த மணலும் சாம்பலும் இட்டால் அதிற் புரண்டு குளித்துப் பேன்களை உதிர்த்துவிடும். கோழிகளுக்குள்ளும் மேலோர் கீழோர் உண்டு. யார் யாரைக் கொத்தலாம் என்னும் இவ்வொழுங்கை நோர்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரூப் எப்பே ஆராய்ந்து 1922 இல் வெளியிட்டார். எனவே தீனையும் தண்ணீரையும் ஒரே இடத்தில் வைத்தால் எளிய கோழி பட்டினி கிடக்கும். இரண்டு மூன்று இடங்களில் வைத்தல் வேண்டும். புதிதாக வாங்கிய கோழியையும் சில நாள் வலைக்கு அப்பால் வைத்து, ஏனையவை கண்டு பழகியபின் சேர்த்தலே முறை.

மரநாய்க்கு நஞ்சு வைப்போரும் உளர். அதனை நாம் ஒப்போம். அந்நஞ்சை வீட்டு நாயும் தின்னும். பிள்ளைகளும் அறியாது தொடுவர். கீரியும் மரநாயும் எலிகளையும் பிடித்துண்பவை என்பதையும் எண்ணுக.

குஞ்சு பொரித்த வீட்டினர், அவை ஓரளவு வளரும்வரை தாயோடு கரப்பின்கீழ் விட்டு, மேலே ஒரு கல்லைப் பாரமாக வைப்பாராக. கரப்பை நாள்தோறும் இடம் மாற்றினால் தரையும் ஈரமின்றி இருக்கும்.