அட்டைக்கு உப்பு, உண்ணிக்கு என்ன?

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். "காதுக்குள்ள என்னமோ கரகரங்குது அம்மாயி" என்று இரவெல்லாம் அழுதேன். விடிந்ததும் அம்மாயி என்னைக் காம்பரா வாசலில் வெளிச்சம் படும்படி சாய்த்துப் படுக்கவைத்து, தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி ஊற்றினார். எதுவும் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஓர் உண்ணியை இடுக்கியால் பிடித்து எடுத்தார்கள். மிளகைவிடச் சிறியது, கால்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. முந்தின வாரம் மாட்டுக்குப் புல் அறுக்க அம்மாயியோடு காட்டோரம் போயிருந்தது அப்போதுதான் வீட்டில் ஞாபகத்துக்கு வந்தது.

சிவனொளிபாதமலை அடிவாரத்து எங்கள் நல்லதண்ணியில் அட்டைக்குப் பயப்படாதவர் கிடையாது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலில் சவுக்காரம் பூசுவார்கள், உப்புத் துணி வைத்திருப்பார்கள். ஆனால் அட்டை இரத்தம் குடித்துவிட்டுத் தானாக விழுந்துவிடும், நம் நாட்டில் அது நோய் பரப்புவதுமில்லை. உண்ணியின் கதை வேறு. அதன் எச்சில் தோலை மரத்துப்போகச் செய்வதால் கடித்தது தெரியாது. முள்போன்ற வாயைச் சதைக்குள் செருகி, பசைபோல ஒன்றைச் சுரந்து நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் காய்ச்சல் கிருமி உடம்பில் இறங்கிவிடலாம்.

உண்ணி என்றாலே தோட்டத்தில் மாட்டுப்பட்டிதான் நினைவுக்கு வருகிறது. அங்கேதான் தவறுகிறோம். பசுவின் மடியில் கொத்தாகத் தொங்கும் மாட்டுண்ணி, குஞ்சாக ஏறியதிலிருந்து முட்டையிட இறங்கும்வரை ஒரே மாட்டில் வாழ்வது. மனிதரை அது கடிப்பது அபூர்வம். நம்மேல் ஏறுவது பெரும்பாலும் காட்டு உண்ணிகளின் குஞ்சுகள். இலங்கையில் மனிதர்களின் காதிலிருந்து எடுக்கப்பட்ட உண்ணிகளில் அதிகம் காணப்படுவது டெர்மசென்டர் ஔராட்டஸ் என்ற இனத்தின் இளம்பருவம். வளர்ந்தபின் அது காட்டுப்பன்றியைத் தேடும். காட்டின் ஓரத்தில் புல்நுனியில் முன்னங்காலை நீட்டிக் காத்திருந்து, மூச்சுக்காற்றையும் உடற்சூட்டையும் அந்தக் கால்களாலேயே மோப்பம் பிடிக்கும். புல்லுக்கட்டு தலையில் ஏறும்போது அதுவும் கூடவே ஏறிவிடுகிறது. காதில் உண்ணியோடு வருவோரில் பிள்ளைகள் அதிகம். சிலருக்கு, அபூர்வமாக, முகம் ஒரு பக்கம் கோணிப்போவதும் உண்டு.

மற்றது நாயுண்ணி. இது காட்டில் அல்ல, வீட்டிலேயே குடியிருப்பது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கிச் சுவரில் ஏறி, வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெள்ளைக்காரன் காலத்து லயத்துச் சுவரில் வெடிப்புக்குப் பஞ்சமில்லை. சுவருக்குள் இருப்பதற்கு மழையும் பனியும் பொருட்டல்ல, அதனால் அது ஆண்டு முழுக்கப் பெருகும். லயங்களுக்குப் பதில் தனிவீடு என்ற கோரிக்கையை உரிமைப் பிரச்சினையாகப் பேசுகிறோம். அது காய்ச்சல் பிரச்சினையும்தான்.

காட்டு உண்ணிக்கோ காலக்கணக்கு உண்டு. குளிர்நாடுகளில் உண்ணி வசந்தத்தில் விழித்துக் கோடையில் பெருகும். நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, மழைதான் அளவுகோல். இதற்கு நல்ல பாடம் கர்நாடகத்தில் இருக்கிறது. 1957இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழ, மக்களும் காய்ச்சலில் படுத்தார்கள். ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற காட்டு உண்ணிதான் அந்தக் காய்ச்சலின் வைரஸைக் கடத்தியது. 2015இல் கேரளத்து வயநாட்டிலும் அந்தக் காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. அந்த நோயைக் காட்டி இங்கே யாரையும் பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் அது அங்கே பரவும் மாதங்களைப் பாருங்கள்: டிசம்பர் முதல் மே வரை. மழை விட்டு, இளம் உண்ணிகள் பெருகி, மக்கள் விறகுக்கும் சருகுக்கும் காட்டுக்குள் போகும் காலம். நமக்கோ உந்துவப் போயா முதல் வெசாக் போயா வரை சிவனொளிபாதமலை சீசன். ஜனவரி, பெப்ரவரி வறட்சியில் பக்கத்துப் புல் காய்ந்துவிட, தாய்மார் காட்டோரம்வரை போகவேண்டியிருக்கிறது. யாத்திரிகர்களோ படியை விட்டுப் புதருக்குள் ஒதுங்குகிறார்கள்.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் ஒரே பெயரால் சொல்வது உண்மையில் இரண்டு நோய். யாழ்ப்பாணத்தில் மாரிமழையை ஒட்டிக் கூடுவது ஸ்க்ரப் டைபஸ். அதைத் தருவது உண்ணியே அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுயிரின் குஞ்சு. அது கடித்த இடத்தில் பலருக்குக் கறுத்த பொருக்கு இருக்கும். மத்திய மலைநாட்டில் அதிகம் தெரிவது உண்ணி தரும் புள்ளிக் காய்ச்சல். அதில் அந்தப் பொருக்கு அபூர்வம். உள்ளங்கை, உள்ளங்கால்வரை சிவந்த புள்ளிகள் வரும், மூட்டுகள் வீங்கும். பொருக்கைத் தேடிவிட்டு, இல்லையென்றதும் டெங்கு என்றோ வைரஸ் காய்ச்சல் என்றோ அனுப்பிவிட்டால் நோயாளிக்கு நாட்கள் வீணாகும். அரைப்பேர் விழுந்து பாதிக் கூலிதான் கிடைக்குமே என்று காய்ச்சலோடு கொழுந்து மலைக்குப் போகும் ஒருவருக்கு அந்த நாட்கள் சாதாரணமானவை அல்ல.

இவை இரண்டும் அடங்கும் டைபஸ் காய்ச்சல் இந்நாட்டில் அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஆகவே தோட்ட வைத்தியசாலையில் காய்ச்சலோடு வருகிற ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்கப்பட வேண்டும்: புல்லறுக்கப் போனீர்களா, வீட்டில் நாய் இருக்கிறதா? பதிலை மாதவாரியாக எழுதிவைத்தால் இரண்டு மூன்று ஆண்டில் நல்லதண்ணிக்கென்றே ஒரு காலக்கணக்கு கையில் இருக்கும். தாய்மாருக்கும் ஒன்று சொல்கிறேன். புல்லுக்கட்டை இறக்கியதும் பிள்ளைகளின் காதுமடல், கழுத்து, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். தோலில் உண்ணி இருந்தால் நெருப்பும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். காதுக்குள் என்றால் நீங்கள் தொடாமல் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள். புள்ளிக் காய்ச்சலுக்கான மருந்து டொக்சிசைக்கிளின், பழையது, விலை குறைந்தது. காலத்தோடு தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.