எல்லை தாண்டும் மூட்டை

பாறசாலைக்குப் பக்கத்தில், கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தில், ஒரு கிராமத்தில் என் சித்தி வீடு இருக்கிறது. சமீபத்தில் போயிருந்தபோது கொல்லைப்புறக் கொடியில் ஒரு காட்சி. சித்தப்பாவின் வேட்டிக்கும் பேரக்குழந்தையின் சட்டைக்கும் நடுவே ஏழெட்டுப் பால் கவர்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப்.

“என்ன சித்தி, பால் கவரையும் துவைக்க ஆரம்பிச்சாச்சா?”

“நாளைக்குச் சேனைக்காரிய வருவாளுவ. அழுக்கோட குடுத்தா எடுக்க மாட்டாளுவ” என்றார் சித்தி.

பேருந்தில் தின்று முடித்த நேந்திரங்காய் வறுவலின் காலிப் பொட்டலம் என் பையில் இருந்தது. எங்கே போடுவது என்று கேட்டேன். குப்பைத் தொட்டி என்று எதுவும் அந்த வீட்டில் இல்லை. “எண்ணெய் போக வெள்ளத்துல அலசிக் கொடியில போடு, மக்கா.” சோப்புப் போட்டு ஒரு வறுவல் பொட்டலத்தைக் கழுவியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கழுவும்போது ஒன்று உறைத்தது. இந்தப் பொருளை இதுவரை நான் எத்தனையோ தடவை ‘தூர’ எறிந்திருக்கிறேன். தூர என்றால் எங்கே என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அந்த ஊர்க்காரர்களால் அப்படி யோசிக்காமல் இருக்க முடியாது. அவர்களுடைய ஊரே ஒரு ‘தூர’ இடத்தின் ஓரத்தில் இருக்கிறது.

திருவிதாங்கூர்த் தமிழர்கள் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1-இல் கோடு போட்டபோது விளவங்கோடு இந்தப் பக்கம் வந்தது. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் நின்றது. பாறசாலையில் ஒரு தங்கை, களியக்காவிளையில் ஓர் அக்காள் என்று குடும்பங்கள் இரண்டு மாநிலங்களில் ஆயின. எங்கள் குடும்பமும் அப்படித்தான். சித்தி கேரளத்தில், பெரியம்மா தமிழ்நாட்டில். இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சு, ஒரே புளிக்கறி. குப்பை விஷயத்தில் மட்டும் இருவரும் வேறு வேறு நாட்டுக்காரர்கள்.

மறுநாள் காலை பச்சை மேல்சட்டை போட்ட இரண்டு பெண்கள் வந்தார்கள். ஹரித கர்ம சேனை. ஹரிதம் என்றால் பச்சை, கர்மம் என்றால் பணி. பசுமைப் பணிப் படை என்று மொழிபெயர்க்கலாம். கர்மம் என்ற சொல்லைக் கேட்டாலே தலையில் அடித்துக்கொள்கிற தமிழர்களுக்கு அப்படியே கொண்டுவர முடியாத பெயர். பெரும்பாலும் குடும்பஸ்ரீ குழுக்களைச் சேர்ந்த பெண்கள். வீடு வீடாகப் போய், கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கு மாதம் 50 ரூபாய் கட்டணம். நம் குப்பையை எடுக்க நாமே காசு தருவதா என்று தொடக்கத்தில் பலர் முறைத்தார்கள். சித்தப்பாவும் முறைத்தவர்தான். இப்போது அவரே கவர்களை மடித்துக் கட்டி வைக்கிறார்.

மலையாளிகளுக்குத் திடீரென்று வந்த ஞானோதயம் அல்ல இது. அவர்களுக்கு எறிய இடமில்லாமல் போனது. திருவனந்தபுரம் நகரத்தின் குப்பைக்காக 2000-இல் விளப்பில்சாலை என்ற கிராமத்தில் ஓர் ஆலை திறந்தார்கள். உரம் தயாரிக்கும் ஆலை என்றுதான் பெயர். கிராமத்துக்குக் கிடைத்ததோ நாற்றமும் கெட்டுப்போன தண்ணீரும். ஊர் மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2011 டிசம்பரில் ஆலையின் கதவு மூடப்பட்டது, பிறகு திறக்கவேயில்லை. ஒரு தலைநகரம் தன் குப்பையைக் கொட்ட இடமில்லாமல் நின்றது. சாக்கடைகள் நிரம்பின, தெருமுனைகளில் மூட்டைகள் ஏறின. வேறு வழியில்லாமல்தான் ‘உன் வீட்டுக் குப்பை உன் வீட்டிலேயே’ என்ற கொள்கை பிறந்தது. இன்னொரு பக்கம், கொட்ட இடம் வைத்திருந்த கொச்சியில் என்ன ஆனது? 2023 மார்ச்சில் பிரம்மபுரத்துக் குப்பை மலை பற்றிக்கொண்டு பத்து நாட்களுக்கு மேல் புகைந்தது. நகரமே முகமூடி போட்டுக்கொண்டது.

எறிய இடம் இருக்கும்வரை யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. சிக்கல் என்னவென்றால், பக்கத்து மாநிலமும் ஓர் இடம்தான்.

பெரியம்மா வீட்டுப் பக்கம் போனால் அந்தக் கதை கேட்கலாம். ராத்திரியில் தார்ப்பாய் போர்த்திய வண்டிகள் வரும். பாழ்நிலத்திலோ ஓடைக்கரையிலோ மூட்டைகள் இறங்கும். விடிந்து பார்த்தால் கோழிக் கழிவு, ஓட்டல் எச்சில், சில நாள் ஊசியும் மருந்துப் புட்டியும். களியக்காவிளை, புளியரை, வாளையாறு என்று எல்லாச் சாவடிகளிலும் இதே கதை. 2024 டிசம்பரில் இது நாடறிந்த செய்தியானது. திருநெல்வேலிக்கு அருகே கோடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் கொட்டிக் கிடந்தன. குப்பைக்குள் கிடந்த காகிதங்களே முகவரியைச் சொல்லிவிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு கேரள அரசே வந்து அள்ளிப்போக வேண்டும் என்றது. டிசம்பர் 22-ஆம் தேதி கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிப்போனார்கள்.

கோபப்பட எல்லா நியாயமும் உண்டு. தன் வீட்டுக் கொடியில் பால் கவரைக் காயவைக்கும் சித்திக்கும் அந்த லாரிக்கும் சம்பந்தமில்லை. வீடுகள் திருந்தியபோதும் சில ஓட்டல்களும் கோழிக்கடைகளும் மருத்துவமனைகளும் ஒப்பந்தக்காரர் கையில் காசைக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டன. மூட்டை எங்கே போகிறது என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு.

ஆனால் கோபத்தை அத்தோடு முடித்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இல்லை. சென்னையின் குப்பை எந்த மாநிலத்துக்குப் போயிற்று? பெருங்குடிச் சதுப்பு நிலத்துக்கும் கொடுங்கையூருக்கும். அங்கே இருப்பவர்களும் தமிழர்கள்தான். பெரியம்மா வீட்டில் இன்றும் சாயங்காலம் பிளாஸ்டிக்கைக் கூட்டித் தீ வைக்கிறார்கள். அந்தப் புகைக்கு எந்தச் சாவடியும் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. ஒருவருக்கு மாநில எல்லை, ஒருவருக்கு நகர எல்லை, பலருக்கு வீட்டு மதில். அதற்கு அப்பால் இருப்பது யாருடைய இடமும் இல்லை என்று நினைக்கிற மனசு மட்டும் ஒன்றேதான்.

பழைய காலத்தில் இப்படியா இருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காலத்து மனிதர்கள் நம்மைவிட உத்தமர்கள் என்று நான் நம்பவில்லை. அவர்கள் கையில் மக்காத பொருள் இல்லை, அவ்வளவுதான். தென்னை ஓலை கூரையாகி, ஈர்க்கு துடைப்பமாகி, மட்டை அடுப்பில் எரிந்து, சாம்பல் பாத்திரம் துலக்கப் போயிற்று. தமிழில் குப்பை என்ற சொல்லுக்கே குவியல் என்றுதான் பழைய பொருள். சங்கப் பாட்டில் உப்புக் குவியலும் குப்பைதான். நம் விவசாயிகள் ‘வயலுக்குக் குப்பை அடிக்கிறோம்’ என்றால் எரு கொண்டுபோகிறார்கள் என்று அர்த்தம். குப்பை வண்டி வயலுக்குப் போன காலம் அது. வண்டி திசை மாறியபோது சொல்லும் பொருள் மாறிவிட்டது.

வண்டியைப் பழைய திசைக்குத் திருப்புவது எப்படி? சித்தி வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். எட்டு அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள் இரண்டு. ஒவ்வொன்றும் நாலடிக்குச் சற்று அதிகம். வாழை மரத்தடி நிழலில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் புதைத்து நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். மேலே ஒரு மூடி. காய்கறித் தோல், மீன் செதில், மிச்சச் சோறு எல்லாம் முதல் குழாயில் விழுகின்றன. சோற்றுக் கஞ்சியும் குழம்புத் தண்ணீரும் வடித்த பிறகுதான் போட வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளிக்கிறார்கள். ஒரு மாதம் ஆனதும் அதை மூடிவிட்டு இரண்டாவது குழாய். அது நிறைவதற்குள் முதல் குழாயில் இருப்பது மக்கிவிடும். குழாயைத் தூக்கினால் கறுப்பு மண் போல உதிர்கிறது. நேராக வாழைக்குப் போகிறது.

நாறாதா என்றால், நாறும், தப்பாகச் செய்தால். ஈரம் மிஞ்சிக் காற்றுப் புகாமல் போனால்தான் அழுகல் நாற்றமும் புழுவும். அதற்கு மருந்து மருந்துக்கடையில் இல்லை. ஒரு கை காய்ந்த சருகு, அல்லது தேங்காய் நார் உரிக்கும்போது உதிரும் தூள். இந்தத் தூள் கயிற்றாலைகளின் பக்கத்தில் மலையாகக் கிடந்த கழிவு. இன்று வீட்டு உரத்தொட்டிகளுக்கு அதுதான் ஆதாரம். குழாய்க்கு இடமில்லாத அடுக்குமாடி வீட்டில், துளையிட்ட மண் பானைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு நாளும் போட்டதன்மேல் ஒரு பிடி தூளைத் தூவி வந்தால் போதும்.

தெருவுக்குப் பொதுவாகச் செய்வதற்கும் ஒரு வழி இருக்கிறது. திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில், கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மாட்டுப் பண்ணையில் உருவான முறை. நீளம், அகலம், உயரம் எல்லாம் நாலடி கொண்ட, காற்றுப் புகும் ஒரு பெட்டி. அடியில் சாணி, மேலே சருகு, அதன்மேல் கழிவு, மறுபடி சாணி என்று அடுக்க வேண்டும். உள்ளே வெப்பம் 70 டிகிரி வரை ஏறும். கிருமி சாகும், ஈ வராது. மூன்று மாதத்தில் உரம். கோழிக்கடைக்காரர் ராத்திரி லாரியைத் தேட வேண்டியதில்லை.

கழுவிக் கொடுத்த கவர்கள் என்ன ஆகின்றன? சேனைப் பெண்கள் தரம் பிரிக்கிறார்கள். நல்லது மறுசுழற்சிக்குப் போகிறது. மற்றதில் ஒரு பகுதியைத் துருவித் தாரோடு சேர்த்துச் சாலை போடுகிறார்கள். இந்தச் சாலை வித்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? மதுரையிலிருந்து. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்தது. சூடான ஜல்லியின் மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் உருகி ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும்; அதன்மேல் தார் கெட்டியாகப் பிடிக்கும். ஒற்றை வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் செலவாகும். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆக, இந்த எல்லையைத் தாண்டுவது எல்லாமே கெட்டதல்ல. மதுரைக்காரர் யோசனை அந்தப் பக்கம் போயிருக்கிறது. தும்பூர்முழிப் பெட்டி இந்தப் பக்கம் வரலாம். எதற்கும் ஆகாத பிளாஸ்டிக்கில் ஒரு பகுதி முறைப்படித் தமிழ்நாட்டுச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக வருகிறது. பகலில், பில்லோடு, எங்கே போகிறது என்று தெரிந்து வருகிற லாரியும், ராத்திரியில் தார்ப்பாய் போர்த்தி வருகிற லாரியும் ஒன்றல்ல.

சித்தியின் வீட்டை நான் சொர்க்கம் என்று சொல்லவில்லை. சேனைப் பெண்களுக்குக் கிடைப்பது சொற்ப வருமானம். வெயிலில் மூட்டை சுமக்கும் அவர்களை ஏளனமாகப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாலை வாங்கும் வீட்டுக்காரி கவரைக் கழுவுகிறாள். கவரை உற்பத்தி செய்தவர்கள் எதைக் கழுவுகிறார்கள் என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. ஆனால் என் பெரியம்மாவுக்கு நான் சொல்லக்கூடியது அதுவல்ல. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’. கிராமங்களில் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். இல்லாதது கொடியில் ஒரு கிளிப்தான்.

கிளம்பும்போது சித்தி பலாப்பழ வறுவல் தந்தார். வழக்கமான பிளாஸ்டிக் உறையில் இல்லை. ஓர் எவர்சில்வர் டப்பாவில். வாசல்வரை வந்து சொன்னார்:

“டப்பாவத் திருப்பிக் கொண்டாரணும், கேட்டியா?”