இரண்டாம் பாகம் மட்டும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டில் ஒரு சிறு கலகம் நடந்தது. அதற்குக் காரணம் ஓர் இசைத்தட்டு. ஐவர் கட்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1978-ஆம் வருஷத்தில் வெளியிட்ட தட்டு அது. "ஸ்காட்லாந்து வீட்டுக் கூடத்தில் வாழ்க்கை - இரண்டாம் பாகம்" என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பத்து நிமிஷம் கேட்டுவிட்டுப் பெரியப்பா, "இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? யாரோ ஒரு கிழவர் துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல் பேசுகிறார்!" என்றார். அதே சமயத்தில் பத்து வயது மருமான் ஜமக்காளத்தில் புரண்டு புரண்டு சிரித்துக் கொண்டிருந்தான்.

நேயர்களே! பெரியப்பா சொன்னதில் பிழையில்லை. கட்லரின் குரலில் உற்சாகம் என்பது மருந்துக்கும் கிடையாது. நம்முடைய ஹாஸ்ய நடிகர்கள் சிரிப்பு வரும் இடத்துக்கு முன்பே கண்ணைச் சிமிட்டி, "இதோ வருகிறது, தயாராயிருங்கள்" என்று எச்சரிக்கை செய்துவிடுவார்கள். இவரோ அப்படி ஒன்றும் செய்வதில்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்தை வாசிக்கும் குமாஸ்தாவைப் போல் நிதானமாக வாசித்துக் கொண்டே போகிறார். வாசிப்பதெல்லாம் விபரீதமான சங்கதிகள். ஒரு கண்டிப்பான தகப்பனார். கணக்கில் அடங்காத குழந்தைகள். ஹெர்ரிங் மீனும் ஓட்ஸ் கஞ்சியும். கூடத்துக்கு வெளியே ஓயாத குளிர். தகப்பனார் குழந்தைகளை நாட்டுப்புறத்துக்கு உலாவ அழைத்துச் செல்கிறார். வழியில் ஒரு முட்செடியைக் கண்டதும், ஏதோ தெய்வ தரிசனம் கிடைத்துவிட்டது போல் பரபரப்பு அடைகிறார். அந்த முட்செடி ஸ்காட்லாந்தின் தேசியச் சின்னம் என்பது ஞாபகமிருந்தால், பரிகாசம் எங்கே போய்த் தைக்கிறது என்பது விளங்கும். தேசபக்தியை அவர் கேலி செய்யவில்லை. அதைப் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் மாதிரி புகட்டுகிறார்களே, அதைத்தான் கேலி செய்கிறார்.

இடையிடையே பாட்டுக்களும் உண்டு. பக்க வாத்தியம் என்ன தெரியுமோ? ஹார்மோனியம்! சுருதி வித்தைக்கு உதவாது என்று அகில இந்திய ரேடியோ 1940-ல் தள்ளி வைத்துச் சுமார் முப்பது வருஷ காலம் வாசற்படி மிதிக்க விடாமல் செய்ததே, அதே வாத்தியந்தான். 1959-ஐ ஒட்டிக் கட்லர் பி.பி.சி. ரேடியோவில் பிரவேசித்தபோது அது அவருடன் கௌரவமாக உள்ளே போயிற்று. அவர் அதை வாசிக்கும்போது ஆஸ்துமா நோயாளி மாடிப்படி ஏறுவது போல் ஒரு சப்தம் கேட்கும். ஆனால் அந்தப் பாட்டுக்களுக்கு வேறு எந்த வாத்தியமும் பொருந்தாது. சில பாட்டுக்கள் ஒரு நிமிஷத்துக்குள் திடீரென்று நின்றுவிடுகின்றன. பாகவதர் சரணத்தை மறந்துவிட்டாரோ என்று நமக்குச் சந்தேகம் தோன்றும்.

எல்லாமே மாணிக்கம் என்று நான் சாதிக்கப் போவதில்லை. ஒரே மூச்சில் தட்டு முழுவதையும் கேட்டால் அலுப்புத் தட்டும். ஒரு வேளைக்கு மூன்று அத்தியாயம் போதும்.

கட்லர் 1923-ல் கிளாஸ்கோ நகரில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூத வம்சத்தில் பிறந்தவர். 1942-ல் ஆகாய விமானப் படையில் வழிகாட்டிப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே வழியைப் பார்ப்பதை விட்டு மேகங்களைப் பார்த்துக் கொண்டிருந்ததால் அனுப்பிவிட்டார்கள். பிறகு பள்ளி ஆசிரியரானார். அக்காலத்தில் ஸ்காட்லாந்துப் பள்ளிக்கூடங்களில் பிரம்புக்குப் பதில் தோல்வார் உண்டு. நுனி பிளந்த அந்த வாரினால் உள்ளங்கையில் அடிப்பார்கள். சிறு பிராயத்தில் அதைப் பலமுறை வாங்கியவருக்கு, இப்போது அதையே கையில் பிடிக்கும் உத்தியோகம் வாய்த்தது. அவர் அந்த வேலையை உதறியபோது என்ன செய்தார் தெரியுமா? வாரைத் துண்டு துண்டாக நறுக்கி, வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துவிட்டு வெளியேறினார்!

இதைப் படித்தபோது எனக்கு என் நாலாம் வகுப்பு ஞாபகம் வந்தது. எங்கள் வாத்தியார் அலமாரியின் மேல் வைத்திருந்த பிரம்புக்குச் செல்லப் பெயர் ஒன்று கூட உண்டு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு மாணவன் ஓடிப்போய் எடுத்து வர வேண்டும். அநேகமாக அடி வாங்கப் போகிறவனே எடுத்து வருவான். இருபது வருஷத்துக்கு மேலாகியும் அதை நான் யாரிடமும் சிரிப்பாகச் சொன்னதில்லை, சொல்ல முடிந்ததுமில்லை. கட்லரால் முடிந்திருக்கிறது. அவருடைய தகப்பனார் பாத்திரத்தின் மீது துளி வன்மம் கிடையாது. குழந்தை பெரியவர்களை எப்படிப் பார்க்குமோ அப்படியே பார்க்கிறார்: இவர்கள் இப்படித்தான், மழை பெய்வது போல. மருமான் சிரித்ததன் ரகசியமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பிற்பாடு கட்லர் ஸம்மர்ஹில் என்னும் சுதந்திரப் பள்ளியில் சிறிது காலமும், லண்டன் பள்ளிகளில் 1980 வரையிலும் குழந்தைகளுக்குப் பாட்டும் நடனமும் நாடகமும் கவிதையும் கற்பித்தார். "பீட்டில்ஸ்" கோஷ்டியார் 1967-ல் தங்கள் படத்தில் அவருக்கு வேஷம் கொடுத்தார்கள். 1984-ல் இந்தக் கூடத்துக் கதைகள் மார்ட்டின் ஹனிஸெட்டின் சித்திரங்களோடு புத்தகமாகவும் வந்தன. அச்சில் படிக்கலாம், ஆனால் அந்தக் குரல் இல்லாமல் பாதிதான் கிடைக்கும். 2006-ல் அவர் காலமானார்.

இன்னொரு விஷயம். அவர் சப்தக் குறைப்புச் சங்கத்தின் அங்கத்தினர். கச்சேரியில் ஜனங்கள் சீட்டியடித்தால் பிடிக்காது. கைதட்டுவதானால் பாதி சப்தத்தில் தட்டுங்கள் என்று கேட்டுக் கொள்வார். நம் சபாக்களின் காரியதரிசிகள் கவனிப்பார்களாக.

தட்டு முடிந்ததும் மருமான், "மாமா, இது இரண்டாம் பாகம் என்று போட்டிருக்கிறதே, முதல் பாகத்தை எடுங்கள்" என்றான். முதல் பாகம் என்று ஒன்று வெளியாகவே இல்லை என்று சொன்னேன். அவன் சற்று யோசித்துவிட்டு மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தான். நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியப்பாவின் மீசையும் அப்போது இலேசாக அசைந்தது. ஆனால் அவரைக் கேட்டால் தூக்கத்தில் அசைந்தது என்றுதான் சொல்வார்.