தவக்குல் வேறு, அலட்சியம் வேறு: ஜெனரேட்டர் விஷயத்தில் நாம் செய்யும் பிழை



சில ஆண்டுகளுக்கு முன் மாரியூரை அடுத்த ஓர் ஊரில் நிக்காஹ் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். மழைக்காலம், மாலையிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. வாடகைக்கு வந்த சிறிய ஜெனரேட்டர் நனையக் கூடாதென்று, பெண்களும் பிள்ளைகளும் உறங்கிய பின்கட்டை ஒட்டிய நடையில் அதை வைத்து இரவு முழுவதும் ஓட்டினார்கள். ஃபஜ்ர் நேரத்தில் நான்கைந்து பிள்ளைகளுக்குத் தலைவலியும் வாந்தியும் கண்டன. ஒரு மூதாட்டி எழுந்து நிற்க இயலாமல் தள்ளாடினார். பிரியாணியில்தான் கோளாறு என்று தீர்ப்பாயிற்று. பண்டாரிக்குப் பேசிய கூலியில் பாதி பிடிக்கப்பட்டது. நாமோ கண்ணேறு என்று கருதி, ஓதி ஊதிவிட்டுத் திரும்பினோம். அதே உணவை உண்டு வெளிப்பந்தலில் படுத்திருந்த ஆண்களில் ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பின்னாளில் மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதற் கேள்வி, ஜெனரேட்டர் எங்கே இருந்தது என்பதுதான். அன்று உயிர்கள் தப்பியது அல்லாஹ்வின் அருள். ஆனால் ஓர் ஏழையின் கூலியும் நற்பெயரும் போயின. அதற்கு நாமும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதனாலேயே இதை எழுதுகிறோம்.

பெட்ரோலோ மண்ணெண்ணெயோ டீசலோ, எதில் ஓடினாலும் ஜெனரேட்டரின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தச் சிவப்பணுக்களில் உயிர்க்காற்று அமர வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது அமர்ந்துகொள்கிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றும். உறங்குபவருக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. அவருடைய உறக்கம் அப்படியே மரணமாகிவிடும்.

இது மிகைப்பேச்சு என்பாருக்கு அண்டை மாநிலத்துச் செய்தி ஒன்றைச் சொல்கிறோம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரை ஓட விட்டுக் குளிர்சாதனத்தில் உறங்கியவர்கள். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அவ்வண்டியில் சோதனை நடத்தினர். தளத்திலிருந்த ஒரு துளையின் வழியே புகை உள்ளே ஏறியதையும், இரண்டே மணி நேரத்தில் பத்து இலட்சம் பங்கு காற்றில் 957 பங்கு கார்பன் மோனாக்சைடு சேர்ந்ததையும் கண்டறிந்தனர். ஒரு துளை போதுமென்றால், நம் வீட்டு நடைக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள கதவிடுக்கு போதாதா?

இதைச் சொன்னால் நம்மவர்கள் நான்கு பதில்கள் வைத்திருக்கிறார்கள். “ஜன்னல் திறந்துதானே இருக்கிறது” என்பது முதலாவது. திறந்த ஜன்னலின் அருகே ஓடும் இயந்திரம் அந்த ஜன்னல் வழியாகவே புகையை உள்ளே அனுப்பும். வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டை நோக்காதவாறு வைப்பதே முறை. “மழையில் நனையுமே” என்பது இரண்டாவது. நாற்புறமும் திறந்த ஒரு தகரக் கூரை போதும். அதற்கு வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. “வெளியே வைத்தால் திருட்டுப் போகும்” என்பது மூன்றாவது. அப்படியானால் சங்கிலியால் பூட்டி வையுங்கள். இயந்திரத்தைக் காக்கப் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைப்பது என்ன கணக்கு?

நான்காவது பதில்தான் நம்மை மிகவும் வருத்துகிறது. “எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், தவக்குல் வைத்துள்ளோம்” என்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கலாமா எனக் கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததைத் திர்மிதியில் காண்கிறோம். மதீனாவில் ஓர் இரவு வீடொன்று அதன் ஆட்களோடு தீப்பற்றிய செய்தி வந்தபோது, நெருப்பு மனிதனுக்குப் பகை, உறங்கும்முன் அதை அணைத்துவிடுங்கள் என்று அவர்கள் அறிவுறுத்தியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. சிறு விளக்கையே அணைத்துவிட்டு உறங்கச் சொன்ன மார்க்கத்தில் நின்றுகொண்டு, எரிபொருள் எரியும் இயந்திரத்தைத் தலைமாட்டில் ஓடவிட்டு உறங்குவதைத் தவக்குல் என்பதா? அது அலட்சியம். அலட்சியத்துக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவது மற்றொரு குற்றம்.

நம் உயிரோடு இது முடிவதும் இல்லை. இரு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரால் ஜெனரேட்டரை வீட்டு பிளக் பாயிண்டில் சொருகிவிடும் வழக்கம் நம் பகுதியில் இருக்கிறது. மெயினை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருக்கம்பிக்குப் பின்னோக்கிப் பாயும். டிரான்ஸ்பார்மர் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறிய வயர்மேனின் கதி என்ன? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபின், வாரக்கணக்கில் இருண்டு கிடந்த டெல்டாச் சிற்றூர்களுக்கு ஒளி கொடுக்க வெளிமாநில ஊழியர்களும் வந்து கம்பம் ஏறினார்கள். நமக்காகக் கம்பம் ஏறுபவனை நம் வீட்டு மின்சாரமே கொல்லுமானால், அந்த அடியானின் உரிமைக்கு மறுமையில் என்ன விடை சொல்வோம்? எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்துங்கள். இயலாதவர்கள் விளக்கையும் விசிறியையும் நேரே ஜெனரேட்டரிலேயே இணைத்துக்கொள்ளுங்கள்.

2022 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கோயில் திருவிழாவில், வண்டியில் வைத்திருந்த ஜெனரேட்டரில் தலைமுடி சிக்கிப் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். எவர் வீட்டுப் பிள்ளையாயினும் பிள்ளைதான். நம் கந்தூரியிலும் கல்யாணத்திலும் துப்பட்டாவோடு சிறுமியர் அதே இயந்திரத்தைச் சுற்றித்தான் ஓடுகிறார்கள். சுற்றிலும் தடுப்பு வையுங்கள். எண்ணெய் ஊற்றுமுன் அணைத்து, சூடு ஆறும்வரை பொறுங்கள். ஈரக்கையால் தொடாதீர்கள். உப்புக்காற்று அடிக்கும் நம் கரையில் புகைக்குழாயும் எர்த் இணைப்பும் விரைவில் துருவேறும். மழைக்கு முன் ஆள் வைத்துப் பாருங்கள். ஜெனரேட்டர் ஓடும் வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், எல்லோரையும் உடனே வெளியேற்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஓதுவதை வழியில் ஓதிக்கொள்ளலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறோம். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும்போதே, ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே என்ற நிபந்தனையை எழுதி வாங்குங்கள். ரமலான் இரவுகளில் பள்ளியின் ஜெனரேட்டர் எங்கே ஓடுகிறது என்று நீங்களே சென்று பாருங்கள். மழை தொடங்குமுன் ஒரு ஜும்ஆவில் இதைப் பேச இமாம்கள் முன்வரட்டும். மதரஸாவில் நாம் பேசத் தொடங்கிவிட்டோம்.

அந்தப் பண்டாரியைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். “பிள்ளைகள் நல்லா இருக்காங்கல்ல ஹஜ்ரத், அது போதும்” என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு முன் தலைகுனிந்து நின்றோம். நம் பிள்ளைகளை நம் அலட்சியத்திலிருந்து வல்ல அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.